சுரண்டிப் பார்த்தால் பச்சை

ரீச்சர் கட்டைவிரல் நகத்தால் அந்தக் குச்சியை மெல்லச் சுரண்டினார். சாம்பல் நிறத் தோல் விலகியதும் உள்ளே ஒரு பச்சைக் கோடு தெரிந்தது.

"பாத்தீங்களே பிள்ளை, உயிர் இருக்கு. இலை கொட்டிப்போச்செண்டு எத்தினை சனம் இதைக் குப்பையிலை போடுதுகள்."

மார்ச் மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை. டொராண்டோவின் கிழக்கே, ஸ்கார்பரோவில், ஒரு வீட்டின் நிலவறையில் நின்றுகொண்டிருந்தோம். வெளியே நடைபாதை ஓரங்களில் பனி கறுத்து, உப்பும் மணலுமாகக் குவிந்து கிடந்தது. உள்ளே சலவை இயந்திரத்துக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவில் பதினொரு கறிவேப்பிலைச் சாடிகள். ஏழில் ஓர் இலைகூட இல்லை. மொட்டைக் குச்சிகளாக நின்ற அவற்றை ரீச்சர் ஒவ்வொன்றாகச் சுரண்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். ஏழாவது சாடியில் பச்சை இல்லை. இன்னும் கீழே, மண்ணை ஒட்டிச் சுரண்டினார். அங்கே இருந்தது. "வேர் சாகேல்லை. வைகாசியிலை அடியாலை வரும்" என்று அதையும் வரிசையில் திரும்ப வைத்தார்.

அவர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவர். இங்கே வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் ரீச்சர்தான். எனக்கு இந்த ஊரில் இது மூன்றாவது குளிர்காலம். முதல் இரண்டிலும் கடையில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்றைச் சாகக் கொடுத்தேன். மூன்றாவதாக ஒன்றை வாங்குவதற்கு முன், இதைப் பிழைக்க வைப்பவர்களைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. தோழி ஒருத்தி இவரிடம் அனுப்பினாள்.

மயிலாடுதுறையில் எங்கள் கிணற்றடிக் கறிவேப்பிலையை யாரும் வளர்க்கவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரில் அது தன் பாட்டுக்கு வளர்ந்தது. காய்கறி வாங்கினால் கொசுறாகப் பைக்குள் திணிக்கிற இலை அது. அப்படிப்பட்ட ஒன்றுக்கு இங்கே ஒரு வருடம் முழுக்கக் காவல் இருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில், இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்குவதற்கு முன், சாடிகள் உள்ளே வந்துவிட வேண்டும். வருவதற்கு முன் ஒவ்வோர் இலையின் அடிப்புறத்தையும் சவர்க்கார நீரால் துடைக்க வேண்டும். தண்டோடு ஒட்டிக்கொள்ளும் செதில் பூச்சியும் சிலந்திப் பேனும் கூடவே வந்துவிட்டால், வீட்டைச் சூடாக்கும் காய்ந்த காற்றில் அவை பெருகிவிடும். அப்படியும் வந்துவிட்டால் ரீச்சர் செடியைக் குளியல் தொட்டியில் நிறுத்திக் குழாயைத் திறந்துவிடுவாராம். டிசம்பரிலும் ஜனவரியிலும் செடி தூங்கும். இலை பழுக்கும், கொட்டும். அப்போதுதான் பலரும் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

"தண்ணி விட்டுத்தான் கொல்லுறது. இலையில்லாத செடிக்குத் தண்ணி என்னத்துக்கு? அது குடிக்காது. வேர்தான் அழுகும்."

என் இரண்டு செடிகளும் எப்படிச் செத்தன என்பது அந்த இடத்தில் எனக்குப் புரிந்தது. இலை கொட்டக் கொட்ட நான் தினமும் ஊற்றினேன்.

இந்தச் செடிக்கு இன்னொரு குணம் உண்டு. பழுத்துக் கறுத்த பழத்தின் விதையை உடனே ஊன்றிவிட வேண்டும்; சில வாரங்களிலேயே முளைப்புத் திறன் போய்விடும். உறையில் போட்டு அலமாரியில் பத்திரப்படுத்தி, அடுத்த ஆண்டு எடுத்து விதைக்கிற பயிர் இது இல்லை. வேரிலிருந்து பக்கத்தில் கிளம்பும் கன்றைப் பிரித்துக் கொடுப்பதுதான் நம்பகமான வழி. ரீச்சர் ஒரு பழைய பள்ளிக் கொப்பியை எடுத்து வந்தார். முதல் பக்கம் 1996. வரிசை எண், தேதி, கண்டு போன வீடு. நாங்கள் 'கன்று' என்பதை யாழ்ப்பாணத்தார் 'கண்டு' என்பார்கள். மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் என்று ஊர்ப் பெயர்கள் பக்கம் பக்கமாகப் போயின. சில வரிகளின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு சுழி.

"அது செத்தது. செத்தா எனக்குச் சொல்லோணும் எண்டு சொல்லித்தான் குடுக்கிறனான்."

2014-ஆம் ஆண்டுப் பக்கத்தில் மட்டும் ஒரு வரி தலைகீழாக இருந்தது. அதில் கண்டு போகவில்லை, வந்திருந்தது.

2013 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன், டொராண்டோவில் உறைமழை பெய்தது. மரக்கிளைகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகள் மேல் விழுந்தன. நகரில் மட்டும் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. வீட்டைச் சூடாக்கும் உலை எரிவாயுவில் ஓடினாலும், சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். ரீச்சர் வீட்டில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. குடும்பம் உறவினர் வீட்டுக்குப் போனது. சாடிகளைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. திரும்பி வந்தபோது எல்லாம் கறுத்திருந்தன. சுரண்டிப் பார்த்தும் பச்சை இல்லை. 1989-இல் அவர் கைக்கு வந்த தாய்ச் செடியும் போயிற்று.

"ரெண்டு நாள் சாப்பிடேல்லை நான். ஒரு செடிக்கே எண்டு மகன் கேட்டவன். அவனுக்கு விளங்காது."

அடுத்த மே மாதம் ஏஜாக்ஸிலிருந்து ஒருவர் வந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் கொப்பியில் எண் போட்டு வாங்கிப் போனவர். அந்தச் செடியின் பக்கக் கன்று ஒன்றைச் சாடியோடு கொண்டுவந்து படியில் வைத்தார். இப்போது நிலவறையில் இருக்கும் பதினொன்றும் அதன் பிள்ளைகள்.

அந்தச் சாடிகளின் முன் நின்றபோது எனக்குத் தரங்கம்பாடி நினைவுக்கு வந்தது. கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் உள்ள 'கோனிகி', தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக்கைக் குறிக்கிறது. அவர் 1768-இல் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்து, அந்தக் கரையோரத்துச் செடிகளைச் சேகரித்தவர். லின்னேயஸ் 1771-இல் இந்தச் செடிக்கு அவர் பெயரை வைத்தார். தரங்கம்பாடி எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தூரம்தான். எத்தனையோ முறை அந்தக் கடற்கரையில் சுண்டல் தின்றிருக்கிறேன், இது தெரியாது.

ரீச்சரோடு இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டுக்குப் போனோம். அந்த வீட்டுக்காரர் ரீச்சரைவிட வயதில் குறைந்தவர்தான். ஆனாலும் ரீச்சர் அவரை 'அண்ணை' என்றே கூப்பிட்டார், ஊரே அப்படிக் கூப்பிடுகிறது. தொழிற்சாலையில் இரவு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் நிலவறை கத்தரி நாற்றங்கால். தொங்கும் எல்ஈடி குழல் விளக்குகளுக்குக் கீழே காப்பிக் கோப்பைகள், தயிர் டப்பாக்கள், எல்லாவற்றிலும் மார்ச் முதல் வாரம் போட்ட நாற்று. விளக்கு நாளுக்கு 16 மணி நேரம் எரியும். நாற்றின் தலைக்கும் விளக்குக்கும் நாலு விரற்கடைக்கு மேல் இடைவெளி விட்டால், வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும்.

பேசிக்கொண்டே உள்ளங்கையை விரித்து நாற்றுகளின் தலைமேல் இழுத்தார். பிள்ளையின் தலையைத் தடவுவது போல, முன்னும் பின்னும். காலையில் பத்துத் தரம், மாலையில் பத்துத் தரம்.

"இஞ்சை காத்து இல்லைத்தானே. ஆட்டாட்டித் தண்டு பலக்காது. வெளியிலை வைச்ச முதல் நாளே முறிஞ்சிடும். நான்தான் காத்து."

விதை அவருடையதுதான். யாழ்ப்பாணத்துத் தின்னவேலியின் பெயரைத் தாங்கிய ஊதாக் கத்தரி. நல்ல செடியில் இரண்டு காயைப் பறிக்காமல் விடுவார். அது மஞ்சளாகி, தோல் தடித்து, கறிக்கு உதவாமல் போன பிறகு கீறி, விதையை நீரில் அலசி, மிதப்பதை ஊற்றிவிட்டுத் தங்கியதை நிழலில் காயவைப்பார். எந்தச் செடியில் எடுப்பது என்பதில்தான் அவர் கைவண்ணம் இருக்கிறது. பெரிய காய்ச் செடியில் எடுக்க மாட்டார். ஆகஸ்டுக்கு முன்னால் முதல் காய் பிடித்த செடியில்தான் எடுப்பார். இந்த நாட்டில் கத்தரிக்குக் கிடைக்கும் சூடு நாலு மாதம்.

அவரைக்கொடி இவர்களைப் படுத்தியது இதைவிட அதிகம். ஊரிலிருந்து வந்த விதையை மே கடைசியில் ஊன்றினால் கொடி வேலியை மூடும், பந்தலை மூடும். பூ மட்டும் வராது. செப்டம்பர் கடைசியில்தான் முதல் பூ. அக்டோபரில் உறைபனி விழுந்து எல்லாம் கருகும். எரு போதவில்லை என்று ஒருவர், திருஷ்டி என்று இன்னொருவர். உண்மையில் கொடி இரவை அளந்துகொண்டிருந்தது. நம் அவரைகளில் பல, இரவு போதிய அளவு நீண்ட பிறகே பூக்கும். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. டொராண்டோவில் ஜூன் மாதப் பகல் ஏறக்குறைய பதினைந்தரை மணி நேரம். கொடிக்கு அது முடியாத கோடை.

ஒரு வருடம் அண்ணையின் வேலியில் ஒரே ஒரு கொடி ஆகஸ்ட் நடுவில் பூத்தது. அதில் முற்றியவை ஒன்பது விதைகள். மூன்றைத் தான் வைத்துக்கொண்டு ஆறை இரண்டு வீடுகளுக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அவருடைய மூன்றையும் முயல் தின்றுவிட்டது. கொடுத்த வீடுகளில் ஒன்றில் இரண்டு கொடிகள் நின்றன. இன்று இந்தத் தெருக்களில் ஆகஸ்டில் காய்க்கும் அவரையெல்லாம் அந்த இரண்டு கொடிகளின் வழி.

நயாகரா பக்கத்து வைன்லாண்ட் ஆய்வு நிலையம், வெண்டியையும் ஆசிய வகைக் கத்தரிகளையும் ஒன்ராறியோவில் விளைவிக்க ஆய்வு நடத்தியிருக்கிறது. நல்ல வேலை, சந்தைக்குப் பயிரிடும் விவசாயிகளுக்கு அது தேவை. ஆனால் ஒன்பது விதையில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஆறைக் கொடுத்த அந்தக் கணக்கையும் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

பிற்பகலில் அண்ணை வீட்டுக் கராஜில் மேசை போட்டார்கள். கனடாவில் குளிர்காலக் கடைசியில் இப்படி விதை மாற்றிக்கொள்வது பரவலான வழக்கம். 1990-இல் வான்கூவரின் வான்டூசன் தாவரப் பூங்காவில் ஷாரன் ரெம்பெல் என்பவர் முதல் 'சீடி சாட்டர்டே'யை நடத்தினார். இன்று நாடெங்கும் ஊருக்கு ஊர் நடக்கிறது. அண்ணையின் கராஜுக்கு அப்படிப் பெயரெல்லாம் இல்லை. பதினைந்து பேர் குளிர் மேலங்கியோடே நின்றார்கள். ஈரத் துணியில் சுற்றிய வல்லாரை, தண்ணீர்ப் போத்தலில் வேர் விட்ட பொன்னாங்காணி, பசளித் தண்டு, செவ்வரத்தைக் குச்சி, கடித உறைகளில் புடலும் பாவலும். புடல் விதை கொடுத்த அக்கா ஒவ்வொருவரிடமும் சலிக்காமல் சொன்னார்: ஓரத்தை நகவெட்டியால் லேசாக நறுக்கி ஓர் இரவு ஊறவிடுங்கோ, ஏப்ரல் கடைசிக்கு முன்னம் போடாதேங்கோ, பூ பொழுதுபட்டுத்தான் விரியும், ஆண்பூவைப் பிடுங்கிப் பெண்பூவிலை நீங்களே தடவிவிடுங்கோ.

கயானாக்காரப் பக்கத்து வீட்டம்மா நீளப் பயற்றங்காய் விதையோடு வந்திருந்தார். அவருக்கு அது 'போரா'. பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் வாளியிலிருந்த முருங்கையைப் பார்த்துவிட்டு 'மலுங்காய்' என்றார். அக்டோபரில் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, தண்ணீர் காட்டாமல் நிலவறையில் போட்டிருந்த கட்டை அது. கணுவில் மிளகளவு தளிர் எட்டிப் பார்த்தது. முருங்கை என்றும் மலுங்காய் என்றும் அவரும் வாளிக்கு உரியவரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். தளிரை மட்டும் யாரும் தொடவில்லை.

பேச்செல்லாம் வசந்தத்தைப் பற்றித்தான். முன் வளவில் குரோக்கஸ் மூக்கை நீட்டிவிட்டது என்றார் ஒருவர். சிவப்பு நெஞ்சு ராபின் குருவியைக் கண்டதாக இன்னொருவர். அண்ணை நம்பவில்லை. சித்திரை வருடப் பிறப்பன்று பனி கொட்டியதைப் பார்த்தவர் அவர். மே 25-க்கு முந்திய திங்கட்கிழமை விக்டோரியா தினம். அந்த விடுமுறைக்கு முன் கத்தரியோ மிளகாயோ மண்ணுக்குப் போகக் கூடாது என்பது இங்கத்துத் தோட்டக்காரர்களின் சட்டம். அதற்குப் பத்து நாள் முன்பிருந்து நாற்றைப் பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம். ஊரில் ஆடிப் பட்டம் தேடி விதைத்தவர்கள், இங்கே ஆடியில் முதல் வெண்டிக்காய் பறிக்கிறார்கள்.

நான் கிளம்பும்போது ரீச்சர் தன் வீட்டுக்குத் திரும்ப அழைத்துப் போனார். இலையோடு நின்ற நான்கு சாடிகளில் ஒன்றிலிருந்து சென்ற கோடையில் பிரித்து வைத்த கன்று, தயிர் டப்பாவில். கொப்பியைத் திறந்து எண் போட்டார்: 214. என் பெயர், தேதி, என் அடுக்குமாடியின் தெரு.

"வைகாசி நடுமட்டும் பல்கனியிலை வைக்காதேங்கோ. மண் விரல் முட்டக் காய்ஞ்சாத்தான் தண்ணி. செத்தா மறைக்காமல் சொல்லுங்கோ, வேறை தாறன்." டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் ஒரு தலையணை உறையைப் போட்டு முடிந்தார். பிறகு, "என்ரை செத்தா உங்களிட்டைத்தான் வருவன்" என்றார்.

வெளியே ஒரு பாகை. காற்று ஐந்தே நிமிடத்தில் இலையைக் கருக்கிவிடும் என்று பயம். மேலங்கியின் ஜிப்பைத் திறந்து, டப்பாவை வயிற்றோடு அணைத்து, மேலே இழுத்துப் பூட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். ஏறி உட்கார்ந்ததும் கழுத்தருகே கொஞ்சம் இறக்கி உள்ளே பார்த்தேன். வாசனை முகத்தில் வந்து மோதியது. நான்கு ஈர்க்கு இலைகளும் அப்படியே இருந்தன.