தாம்பரத்துக் காற்று

சென்னையிலிருந்து தாம்பரத்துக்குப் போகும் ரயிலில், அவ்வூருக்கு முந்திய நிலையத்தின் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. ஆஸ்பத்திரி ஒன்று ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்திருப்பது அபூர்வந்தான்.

இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் க்ஷயரோகிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் சவுரி முத்து, தாய்நாடு திரும்பி 1928-ல் இதை ஸ்தாபித்தார். அந்நாளில் க்ஷயத்துக்கு மருந்து ஏது? நல்ல காற்று, ஓய்வு, புஷ்டியான ஆகாரம் இவையே சிகிச்சை. 1937-ல் அரசாங்கம் இதை ஏற்றுக்கொண்டது.

பிறகு மருந்துகள் வந்தன. ஆனால் ஏழைத் தேசத்தில் அத்தனை நோயாளிகளுக்கும் படுக்கைக்கு எங்கே போவது? 1956-ல் சென்னையில் தொடங்கிய க்ஷய ஆராய்ச்சி நிலையம் இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. நெருக்கடியான வீடுகளில், அரைகுறை ஆகாரத்துடன் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள்! உடன் வசித்த குடும்பத்தாருக்கும் அதனால் அபாயம் அதிகரிக்கவில்லை. உலகமே சென்னையிடம் கற்ற பாடம் இது.

குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்று விஞ்ஞானம் சொல்லிவிட்டது. நாமோ, பெண்ணின் கல்யாணம் நின்றுவிடுமே என்று நோயை மறைக்கிறோம். இருமல் தணிந்ததும் மருந்தை நிறுத்துகிறோம். இன்று பெரும்பாலோருக்கு ஆறு மாத மருந்தே போதும். மாத்திரையைச் சர்க்கார் இலவசமாகவே கொடுக்கிறது. வீட்டில் நோயாளிக்கு அன்போடு ஓர் இடம் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.