கடலில் ஊற்றிய பால்

இன்று டிசம்பர் 26. விடிந்ததும் அம்மாவோடு காசிமேட்டுக்குப் போய்விட்டேன். 2004-ல் அது ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை வந்த சுனாமி பெரியம்மாவைக் கொண்டுபோனது. உடம்பு கிடைக்கவில்லை. எங்களுக்குச் சமாதியும் கடல்தான்.

வருஷா வருஷம் போல, பெண்கள் சொம்பில் பால் கொண்டுவந்து ஊற்றிப் பூத் தூவினார்கள். நாங்கள் விட்ட சாமந்தியை அலை இரண்டு முறை கரைக்கே தள்ளியது. அம்மா முட்டியளவு தண்ணீரில் இறங்கி, "வாங்கிக்க அக்கா" என்று மறுபடி விட்டாள். போனது.

கொண்டுபோன கடலுக்கே பாலா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. அவள் இருக்கும் இடம் அதுதானே, வேறு எங்கே ஊற்றுவது?

பெரியப்பா இன்று தொழிலுக்குப் போகவில்லை. மணலில் உட்கார்ந்து, அவளுக்குப் பிடித்த வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார்.