நாய்க்கு ஊசி போடுவது பற்றி

சிவகாசிப் பக்கத்துக்காரனுக்கு அபாயம் என்பது கருத்து அல்ல, பிழைப்பு. ஓர் அறைக்குள் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்ற கணக்கு மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30 பேருக்கு மேல் செத்துத்தான் மறுபடி தெரிந்துகொண்டோம். அபாயத்தை எடை போட்டே வாழ்கிற இந்த ஊரில், வீட்டு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி என்றதும் தராசு தடுமாறுகிறது. ஏன் என்று யோசிக்கத் தோன்றுகிறது.

என் சித்தப்பா ராஜபாளையத்து நாய் வளர்க்கிறார். வெள்ளை. அந்த ஜாதியில் பல பிறவிச் செவிடு; இதுவும் அப்படி. “ஊசி போட்டா மந்தமாப் போயிரும்டா. போன குட்டிக்குப் போட்டேன், பத்தாம் நாள் செத்துச்சு” என்கிறார். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. இந்தப் பயத்துக்குச் சரித்திரம் உண்டு.

1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1911 வாக்கில் டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய மருந்து, ஆட்டு மூளையில் வளர்த்த கிருமியைக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று தயாரித்தது. நாய் கடித்தவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசி அதுதான். அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. சிலரை முடக்கியும் போட்டது. மருந்தோடு கலந்திருந்த மூளைத் திசுவை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, தன் நரம்பையே தாக்கிக்கொண்டது. 2004 இறுதியோடு இந்தியாவில் அதைக் கைவிட்டார்கள். மருந்து போய்விட்டது, பயம் மட்டும் இடம் மாறி நாயின் ஊசிமேல் உட்கார்ந்துகொண்டது.

இன்று நாய்க்குப் போடுவது திசு வளர்ப்பில் தயாரித்து, கொல்லப்பட்ட கிருமி. அதனால் வெறி வராது. ஊசி குத்திய இடம் வீங்கலாம், ஓரிரு நாள் சோர்வு இருக்கலாம். அபூர்வமாக, சிறிது நேரத்திலேயே முகம் வீங்கி மூச்சுத் திணறலாம். எனவே அரைமணி நேரம் மருத்துவமனையிலேயே காத்திருப்பது நல்லது. காய்ச்சலில் கிடக்கும் நாய்க்குத் தள்ளிப் போடலாம். சித்தப்பாவின் குட்டி எதனால் செத்தது என்று யாரும் பரிசோதிக்கவில்லை. ஊசிக்கு முன்பே உள்ளே புகுந்துவிட்ட ஏதாவது ஒரு நோயாகவும் இருக்கலாம். வெறிநோயே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒளிந்திருக்கக் கூடியது. பின்னால் நடந்தது என்பதாலேயே அதனால் நடந்தது என்று ஆகிவிடாது.

எனக்கு உண்மையான அபாயமாகப் படுவது வேறு. மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். பட்டாசைக் காய வைக்கிற நம் வெயிலில் அது வீரியம் இழந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. ஊசி போட்டாயிற்று என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும்.

கட்டிப் போட்ட நாய்க்கு எதற்கு என்பது அடுத்த கேள்வி. தீபாவளி இரவில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிய நாய்களை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். செவிட்டு நாய் மிரளாது. ஆனால் பின்னால் வருகிற தெருநாயின் உறுமலும் அதற்குக் கேட்காது. வெறி பிடித்தது வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் கிருமி இறங்கிவிடும். மனிதனுக்கு அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாகச் சாவுதான். உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதில் சாகிறார்கள் என்பது மதிப்பீடு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில். ஒரு பகுதியின் நாய்களில் 70 சதவிகிதத்துக்கு ஊசி போட்டால் நோயின் சங்கிலி அறுந்துபோகும். குட்டிக்கு மூன்றாம் மாதம் ஒன்று, பிறகு டாக்டர் சொல்கிறபடி மறு ஊசிகள் — வேலை இவ்வளவுதான்.

ஊசியின் அபாயமும் ஊசி போடாததன் அபாயமும் ஒரே ஆள்மேல் விழுவதில்லை என்பதை நாம் கவனிப்பதில்லை. முதலாவது நாய்க்கு. இரண்டாவது, அதன் வாய்க்குள் கையை விட்டு விளையாடும் சித்தப்பாவின் பேத்திக்கு. முடிவெடுக்கிறவர் இருவருமல்லாத மூன்றாவது ஆள். மருந்து அறையிலும் இதே ஏற்பாடுதான். கணக்கைத் தீர்மானிக்கிறவன் உள்ளே இருப்பதில்லை.

இதை அவரிடம் சொன்னேன். “ஐப்பசி வரட்டும், பாப்போம்” என்றார். தீபாவளியும் ஐப்பசியில்தான் வருகிறது.