ராத்தா பார்த்த ஆட்டம்

கொழும்புக்கு வெளியே வாழும் வாசக சகோதரிகளுக்கு ஒருகொடவத்தை என்ற பெயர் பெரும்பாலும் பஸ் நடத்துநரின் குரலில்தான் அறிமுகமாகியிருக்கும். பேஸ்லைன் வீதியும் அவிசாவளை வீதியும் சந்திக்கும் இடம். துறைமுகத்திலிருந்து வரும் பெரிய பெரிய கொள்கலன் லொறிகள், சுங்கத்தின் கொள்கலன் முற்றம், கறுத்த தண்ணீருடன் ஒரு கால்வாய், இவற்றுக்கிடையே ஒழுங்கைகளில் தோளோடு தோள் ஒட்டிய வீடுகள். 1995 ஒக்டோபரில் இங்கும் கொலன்னாவையிலும் எண்ணெய்க் குதங்கள் தாக்கப்பட்டு எரிந்தபோது இப்பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. மற்றபடி இது சுற்றிப் பார்க்க யாரும் வரும் ஊரல்ல.

ஆனால் எங்கள் மொட்டை மாடியில் ஏறி மேற்கே பார்த்தால் உயரமான விளக்குக் கோபுரங்கள் தெரியும். அதுதான் கெத்தாராம மைதானம். ஒரு மைல் தூரமும் இராது. சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தில் அன்றைய பிரதமர் ரணசிங்க பிரேமதாசவின் முயற்சியால் எழும்பி, 1986 பெப்ரவரி 2இல் திறக்கப்பட்டது. பின்னர் அவருடைய பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. சுற்றிலும் மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ், தெமட்டகொடை என்று நம்மவர் செறிந்து வாழும் பகுதிகள். இரவு ஆட்டம் நடக்கும் நாளில் எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை உண்டு. தொலைக்காட்சியில் பந்து கையை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே காற்றில் ஆரவாரம் வந்துவிடும். விக்கெட் விழுந்தது முதலில் ஜன்னலுக்குத் தெரியும், பிறகுதான் பெட்டிக்குத் தெரியும்.

அந்த ஜன்னலடியில் இருப்பவர் என் ராத்தா.

ராத்தாவுக்கு இப்போது ஐம்பத்தொரு வயது. சிறு பராயத்தில் எங்கள் ஒழுங்கையில் மென்பந்து விளையாடிய பிள்ளைகளில் அவரளவுக்கு நேராக எறிபவர் யாரும் இருக்கவில்லை. ரப்பர் பந்து, விக்கெட்டுக்கு ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். தகரம் சத்தமிட்டால் ராத்தா எறிந்திருக்கிறார் என்று உம்மா குசினியிலிருந்தே சொல்லிவிடுவார். பன்னிரண்டு வயதானதும் அது நின்றது. யாரும் ஏசவுமில்லை, தடுக்கவுமில்லை. “இனிப் போதும் மகள்” என்று உம்மா ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். அது கெத்தாராம திறக்கப்பட்ட அதே 1986ஆம் ஆண்டு.

ஆட்டம் நின்றதே தவிர ஆசை நிற்கவில்லை. நான் அரபுக் கல்லூரி விடுதியில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே வானொலி கிடையாது. ராத்தா வாரம் ஒரு கடிதம் எழுதுவார். வாப்பாவின் சுகம், உம்மாவின் சலாம் எல்லாம் எழுதி, கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு ஓட்ட விபரம் எழுதியிருப்பார். 1996 மார்ச் 17இல் லாஹூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றதும், அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்ததும், மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தியதும் எனக்கு விபரமாக வந்தது அப்படித்தான். அடுத்த ஆண்டு இதே கெத்தாராமவில் இந்தியாவுக்கெதிராக இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்தபோது, ஜயசூரிய 340, மஹாநாம 225, இருவரும் சேர்ந்து 576 என்று மூன்று முறை அடிக்கோடிட்டு எழுதினார். உஸ்தாத் ஒருவர் அந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, “உங்கள் ராத்தாவுக்குக் கணக்குப் பாடம் நன்றாக வரும் போலிருக்கிறது” என்றார்.

இத்தனைக்கும் ராத்தா அந்த மைதானத்துக்குள் ஒரு தடவையும் காலடி வைத்ததில்லை. ஆண்கள் கூட்டம், பைலா, பப்பரை, குடித்துவிட்டு வருபவர்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் போகும் இடமாக அதை யாரும் நினைக்கவில்லை. மச்சானும் பிள்ளைகளும் போய் வருவார்கள். ராத்தா அவர்களுக்கு முட்டை ரொட்டி கட்டிக் கொடுப்பார்.

2025ஆம் ஆண்டு பெண்களுக்கான உலகக் கிண்ணப் போட்டி இந்தியாவிலும் இலங்கையிலும் நடந்தது. ஆண்களின் உலகக் கிண்ணம் 1975இல்தான் ஆரம்பமானது. பெண்களுடையது அதற்கும் இரண்டு ஆண்டுகள் முன்பே, 1973இல், இங்கிலாந்தில் தொடங்கிவிட்டது என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கும். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் மண்ணில் மற்றது ஆடுவதில்லை என்ற ஏற்பாட்டின்படி பாகிஸ்தான் அணியின் ஆட்டங்கள் எல்லாம் கொழும்புக்கு வந்தன. ஒக்டோபர் 2, வியாழக்கிழமை, கொழும்பில் முதல் ஆட்டம். பாகிஸ்தானும் பங்களாதேஷும். இரண்டும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள்; இரண்டும் பெண்கள் அணி; இடமோ எங்கள் ஜன்னலுக்குத் தெரியும் இடம்.

என் மகள்தான் பேச்சை எடுத்தாள். பதின்மூன்று வயது. “வாப்பா, மாமியையும் கூட்டிக்கொண்டு போவமே” என்றாள். ராத்தா உடனே சம்மதிக்கவில்லை. “இந்த வயசில என்னத்துக்குத் தம்பி?” என்றார். மறுநாள் காலையில் அவரே தொலைபேசியில் அழைத்து, எத்தனை மணிக்கு ஆட்டம் என்று கேட்டார். அவருக்கு அது தெரியாமலிருந்திருக்காது.

ளுஹரை முடித்து, வுளூவோடு புறப்பட்டோம். ஆட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பள்ளி வாசலில் நின்ற ஒருவர், “மவ்லவி, மெட்ச்சுக்கா?” என்று கேட்டார். ஆம் என்றேன். பின்னால் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

கூட்டம் அதிகமில்லை. அது ராத்தாவுக்கு வசதியாகப் போயிற்று. படியேறி மேலே வந்து மைதானம் முழுவதும் கண்ணில் விழுந்ததும் அவர் கொஞ்ச நேரம் உட்காரவே இல்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னது இதுதான்: “டீவீல இவ்வளவு பெருசாத் தெரியாதே தம்பி. இவ்வளவு பச்சையாவும் தெரியாது.”

நாணயச் சுழற்சியில் வென்ற பாகிஸ்தான் துடுப்பாட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. முதல் ஓவரை வீச வந்தவர் மாரூஃபா அக்தர், இருபது வயது. அந்த ஓவரின் கடைசி இரண்டு பந்துகளை நான் வாழ்நாளில் மறக்கமாட்டேன். பந்து காற்றில் வளைந்து உள்ளே வந்தது. உமைமா சொஹைலின் விக்கெட் சரிந்தது. அடுத்த பந்தும் அதே வளைவு. அணியின் நம்பிக்கையான சித்ரா அமீனும் அதே வழியில் போனார். இருவருமே சந்தித்த முதற் பந்தில். பாகிஸ்தான் 2 விக்கெட்டுக்கு 2 ஓட்டம். என் மகள் கத்தினாள். ராத்தா கத்தவில்லை, வலது கையை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கட்டை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பந்து எப்படி வளைந்தது என்று கை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

இந்த மாரூஃபாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பங்களாதேஷின் வடக்கே நீல்பாமாரியில் ஓர் ஏழை விவசாயியின் மகள். கொரோனாக் காலத்தில் ஆட்டங்களெல்லாம் நின்றபோது தகப்பனோடு வயலில் இறங்கி உழைத்தவர். உடுத்திப் போக நல்ல உடுப்பில்லை என்று உறவினர் தங்களைக் கலியாண வீடுகளுக்கு அழைக்காமல் விட்டதை ஒரு நேர்காணலில் கண்ணீரோடு சொல்லியிருக்கிறார். கலியாணத்துக்கு அழைக்கப்படாத பிள்ளை உலகக் கிண்ண ஆட்டமொன்றின் முதல் ஓவரை வீசினாள்.

எதிரணியின் பாதையும் இலேசானதல்ல. பாகிஸ்தானில் பெண்கள் கிரிக்கெட்டுக்கு வித்திட்டவர்கள் கராச்சியைச் சேர்ந்த ஷைஸா கான், ஷர்மீன் கான் என்ற சகோதரிகள். பலத்த எதிர்ப்பைத் தாண்டி 1997இல்தான் அவர்களால் ஓர் அணியாக முதல் சர்வதேச ஒருநாள் ஆட்டத்தில் இறங்க முடிந்தது. அன்று கெத்தாராமவில் அணித்தலைவியாக நின்ற ஃபாத்திமா சனாவுக்கு, ஓராண்டுக்கு முன் இருபது ஓவர் உலகக் கிண்ணத்துக்காக அமீரகத்தில் இருந்தபோது தகப்பனார் வஃபாத்தான செய்தி வந்தது. ஊருக்குப் போய் அடக்கத்தின் துயரைச் சுமந்துகொண்டு, அடுத்தடுத்த ஆட்டத்துக்கே திரும்பி வந்தார். இதை ராத்தாவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் இரண்டு பக்கத்துக்கும் துஆச் செய்யத் தொடங்கிவிட்டார். ரசிகைக்கு இது பெரிய சங்கடம்.

அஸருக்கு ஆட்கள் இல்லாத பின் வரிசையில் சால்வையை விரித்து ஒருவர் பின் ஒருவராகத் தொழுதோம். மாளிகாவத்தைப் பள்ளிகளின் பாங்கொலி மைதானத்துக்குள் நன்றாகவே கேட்கிறது.

பாகிஸ்தான் தட்டுத் தடுமாறி 39ஆவது ஓவரில் 129 ஓட்டங்களுக்குள் சுருண்டது. இடையில் ஒரு விநோதம் நடந்தது. நஷ்ரா சந்து பந்தை அடிக்காமல் விட்டுவிட மட்டையை உயர்த்தினார், பந்து போய்விட்டது, மட்டையைக் கீழே கொண்டுவரும்போது அதுவே தன் ஸ்டம்பில் பட்டுவிட்டது. ராத்தா இதற்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். “தன்ட கையாலயே தகரத்தத் தட்டிப் போட்டா!” என்றார். மகளுக்குத் தகரம் என்றால் என்னவென்று புரியவில்லை. இடைவேளை முழுவதும் ராத்தா அதைத்தான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தன் மாமி பந்து எறிந்தவர் என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும்.

ஆலிம் ஒருவர் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்கும் வாசகியரும் இருப்பார்கள். ஸஹீஹுல் புகாரியை ஓதியவர்களுக்கு ஒரு செய்தி நினைவிருக்கும். பெருநாள் தினத்தில் அபிஸீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியபோது, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் பின்னால் நின்று பார்த்தார்கள். நபியவர்கள் தங்கள் மேலாடையால் அவர்களை மறைத்துக்கொண்டு, அவர்களாகவே சலித்துப் போதும் என்னும் வரையில் அசையாமல் நின்றார்கள். விளையாட்டில் ஆசையுள்ள இளவயதுப் பெண்ணின் மனதைக் கணக்கில் எடுங்கள் என்று அன்னையவர்களே பின்னர் சொன்னார்கள். இருவரும் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியும் அபூதாவூதில் இருக்கிறது. முதல் தடவை வென்றது அன்னைதான். பெண்கள் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையிலும் தொலைக்காட்சியிலும் ஆடுவது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்கு இந்தக் கட்டுரையில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் மறைத்துக்கொண்டு நிற்பதற்கும் அடைத்து வைப்பதற்கும் வித்தியாசமுண்டு. பையன்களுக்கு ஒழுங்கை இருக்கிறது, வீதி இருக்கிறது, மைதானம் இருக்கிறது. பெண் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் “இனிப் போதும்” என்கிறோமே, அதற்குப் பதிலாக எந்த இடத்தைக் கொடுத்தோம்? சுற்றுமதிலுள்ள பாடசாலை முற்றம் ஒன்று, வாரத்தில் இரண்டு பின்னேரம், ஓர் ஆசிரியை, ஒரு டெனிஸ் பந்து. இதற்கு எந்தப் பெரிய வக்ஃபும் தேவையில்லை. நாற்பது வயதில் சீனி வருத்தம் வந்து, தினமும் அரை மணி நேரம் நடக்கவேண்டும் என்று டொக்டர் எழுதிக் கொடுக்கும் துண்டை வைத்துக்கொண்டு, எங்கே நடப்பது என்று தெரியாமல் இருக்கும் தாய்மாரை நம் எல்லோருக்கும் தெரியும்.

மஃரிபுக்குப் பின் விளக்குகளின் கீழ் பங்களாதேஷ் ஆடியது. முதன்முதலாக ஒருநாள் சர்வதேச ஆட்டத்தில் இறங்கிய ருப்யா ஹைதர் ஆட்டமிழக்காமல் 54 ஓட்டங்கள் எடுத்தார். அவரும் அணித்தலைவி நிகார் சுல்தானாவும் அவசரமே இல்லாமல், குடும்பச் செலவைக் கணக்குப் பார்த்து நடத்துவதுபோல ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். 32ஆவது ஓவரில் ஆட்டம் முடிந்தது. 7 விக்கெட் வெற்றி. ஆட்ட நாயகி மாரூஃபா.

“ஏழு விக்கெட்” என்றார் ராத்தா. “லாஹூர்லயும் ஏழுதான்.”

அந்தத் தொடரில் பங்களாதேஷ் வென்றது அந்த ஓர் ஆட்டம் மட்டுமே. பாகிஸ்தான் ஒன்றையும் வெல்லாமல் ஊர் திரும்பியது. கிண்ணம் நவம்பர் 2ஆம் திகதி நவி மும்பையில் தென்னாபிரிக்காவை வென்ற இந்தியாவுக்குப் போனது. கொழும்பில் நடந்த பதினொரு ஆட்டங்களில் ஐந்தை மழை கொண்டுபோய்விட்டது. அதில் ஒன்று, நாங்கள் போக ஆயத்தமாகியிருந்த ஒக்டோபர் 4ஆம் திகதி இலங்கை - அவுஸ்திரேலிய ஆட்டம்; ஒரு பந்துகூட வீசப்படவில்லை. அன்று மாலை ராத்தா அழைத்தார். மழையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

“தம்பி, வாற சனிக்கிழமை இங்கிலாந்தோட ஈக்கி. நம்மட ஆக்கள்.”

ஒக்டோபர் 11ஆம் திகதி போனோம். இலங்கை 89 ஓட்டங்களால் தோற்றது. அன்று ஓர் ஆட்டோ போதவில்லை. ஒழுங்கையிலிருந்து இன்னும் நான்கு பெண்களை ராத்தா கூட்டி வந்திருந்தார், அதில் ஒருவருக்கு அறுபத்தெட்டு வயது.