அடைக்கலமாக வந்த மீன்கள்



‘மறக்க முடியாத ஒரு நாள்’ என்று தலைப்புத் தந்தால் உங்களுள் பலர் சுற்றுலா சென்றதையோ பரிசு பெற்றதையோ எழுதுகிறீர்கள். பத்துக் கட்டுரைகளைத் திருத்தினால் பத்திலும் ஒரே பஸ், ஒரே மழை! ஆகவே இம்முறை விதிமுறைகளைக் கூறாமல், எனக்கு நேர்ந்த ஒன்றைக் கூறுகிறேன். அதில் நான் பெருமைப்பட எதுவும் இல்லை.

2024ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறை. என் மகள் அப்போது தரம் 4இல் படித்தாள். அவளது வகுப்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் ஒன்பது கப்பி மீன்கள். விடுமுறையில் அவற்றைப் பராமரிப்பவர் யார் என்று சீட்டுக் குலுக்கியபோது மகளின் பெயர் வந்துவிட்டது.

“அம்மா, ரீச்சர் எங்களை நம்பித் தந்தவா” என்றாள், முச்சக்கர வண்டியில் தொட்டியை மடியில் வைத்தபடி. எனக்கோ எரிச்சல். மே மாதம் சாதாரண தரப் பரீட்சை. வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் சிறிய வீட்டின் முன்கூடமே என் வகுப்பறை. “இந்த நேரத்தில எனக்கு மீன்தான் குறைச்சல்” என்று முணுமுணுத்தேன்.

ஆசிரியை ஒரு துண்டில் குறிப்புகள் எழுதித் தந்திருந்தார். வினாத்தாளின் அறிவுறுத்தல்களை முதலில் வாசியுங்கள் என்று ஆண்டுதோறும் உங்களுக்குச் சொல்லும் நான், அந்தத் துண்டை வாசிக்காமலே குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். தொட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் ஒரு சிட்டிகை தீனி போட்டேன். மகளும் தன் பங்குக்குப் போட்டாள். ஐந்தாம் நாள் தண்ணீர் கலங்கி மணக்கத் தொடங்கிவிட்டது.

மகள் அம்மம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளைகள் வகுப்புக்கு வருவதற்கிடையில் நாற்றத்தைப் போக்க வேண்டுமென்று, மீன்களை ஒரு வாளியில் விட்டுத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினேன். கற்களைத் தேய்த்துக் கழுவினேன். குழாய்நீரை அப்படியே நிரப்பி மீன்களைத் திரும்ப விட்டேன். வகுப்பு முடிந்து வந்து பார்த்தபோது ஐந்து மீன்கள் மல்லாந்து மிதந்தன.

மகள் வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. கப்பி மீன் விற்கும் கடை தூரமில்லை. எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும், பிள்ளைக்கு எப்படித் தெரியப்போகிறது? பணப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டேன்.

அங்கேதான் மாதரி நினைவுக்கு வந்தாள். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் கண்ணகியை அந்த ஆயர்குலப் பெண்ணிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். கோவலன் கொலையுண்ட பின், அடைக்கலப் பொருளை இழந்துவிட்டேனே என்று மாதரி தீயில் புகுந்து உயிர் விடுகிறாள். உயிரை விட்டது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் தவறே செய்யாத ஒருத்தி, தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதை எவ்வளவு பெரிதாக எண்ணினாள் என்பதைப் பாருங்கள். மாதரியின் பாத்திரப் பண்பை விளக்குக என்று வினாக் கொடுத்துப் புள்ளியிடுபவள் நான். தவறு செய்துவிட்டு மறைக்கப் போய்க்கொண்டிருந்தவளும் நான்தான்.

திரும்பி வந்து அமர்ந்தேன். மகள் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவள் உடனே அழவில்லை. தொட்டியருகே போய் எண்ணினாள். “நாலு இருக்கு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ரீச்சருக்கு ஆர் சொல்லுறது?” என்று கேட்டாள்.

“நான்தான் சொல்லுவன்.”

அதன் பிறகுதான் அழுதாள்.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது, ஒருபோதும் வாய் திறவாத ஒரு மாணவன் எழுந்தான். “மிஸ், குழாய்த் தண்ணியில கிருமியைக் கொல்லக் குளோரீன் போடுறவை. அது மீன் சுவாசிக்கிற பூக்களைத் தாக்கும். ஒரு நாள் திறந்து வைச்சிட்டுத்தான் விடவேணும். கல்லையும் கழுவியிருக்கக் கூடாது. மீன்கழிவில வாற அமோனியாவை நைத்திரேற்றாக மாத்துற பற்றீரியா அதிலதான் இருக்கும்” என்றான். உங்கள் விஞ்ஞானப் பாடத்தின் நைதரசன் வட்டம் என் வீட்டுத் தொட்டிக்குள்ளும் இருந்திருக்கிறது. கலைப்பட்டதாரியான எனக்குத்தான் தெரியவில்லை. பிறகு அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தேன். ஒருநாள் வைத்த நீர், மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றவும், தீனி ஒரு வேளை. எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

பாடசாலை தொடங்கிய அன்று நானே தொட்டியைக் கொண்டுபோனேன். “எங்கட மற்ற மீனெல்லாம் எங்கே?” என்று ஒரு சிறுவன் கேட்டான். “என்ர பிழையால செத்துப்போச்சு” என்று அந்த வகுப்பின் முன் சொன்னேன். இருபது ஆண்டுகளாகத் தமிழ் படிக்கிறேன். அதைவிடக் கடினமான வாக்கியம் ஒன்றை நான் சொன்னதில்லை. மகள் என் கையை விடவில்லை.

மாணவர்களே, இப்படியான ஒரு நாள் உங்களிடமும் இருக்கும். வீட்டில் உடைத்த பாத்திரம், கொடுக்க மறந்த கடிதம், இரவல் வாங்கித் தொலைத்த புத்தகம். பரீட்சைத் தாளில் அதை எழுதிப் பாருங்கள். நடந்ததை நடந்தபடி, யார் என்ன சொன்னார் என்பதோடு எழுதுங்கள். அதற்கு முன், மறவாமல் அறிவுறுத்தல்களை வாசியுங்கள்.