சோறா, வெங்காயமா?

வானொலியில் ஒரு பாடல் நான்கு நிமிடம் ஓடும். அதற்குள் கழிப்பறைக்குப் போய்த் திரும்ப முடியுமா என்று கணக்குப் போட்டபடியே பல காலை நிகழ்ச்சிகளைப் படைத்திருக்கிறேன். எனக்கு குரோன்ஸ் நோய். உடலின் எதிர்ப்பாற்றலே குடலைப் புண்ணாக்கும் அழற்சி நோய்களில் ஒன்று. முற்றிலும் குணமாகாது, மருந்தால் அடங்கியிருக்கும்.

நோய் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே கேள்வி: “என்னதான் சாப்பிடலாம்?”

முதலில் எஸ்சிடி உணவுமுறை. எலைன் காட்ஷால் எழுதிய நூலால் பிரபலமானது. வெங்காயம், பூண்டு உண்டு. 24 மணி நேரம் உறைய வைத்த வீட்டுத் தயிரும் உண்டு. ஆனால் அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரை கூடாது. சோறு, இட்லி, தோசை எல்லாம் போயின. அம்மா வைத்த மீன் குழம்பு இருந்தது. பிசைந்து சாப்பிடத்தான் எதுவும் இல்லை. மூன்று மாதத்தில் நான்கு கிலோ குறைந்தேன்.

அடுத்து, மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘லோ ஃபாட்மேப்’. சோறு திரும்பி வந்தது. வெங்காயமும் பூண்டும் போயின. தேக்கா உணவங்காடி நிலையத்தில் வெங்காயம் சேராத குழம்பைத் தேடிப் பாருங்கள், புரியும். வயிற்று உப்புசம் குறைந்தது உண்மை. ஆனால் மலப் பரிசோதனையில் அழற்சி அப்படியே இருந்தது. இந்த முறை தொந்தரவைத் தணிக்கும், புண்ணை ஆற்றாது என்றார் உணவியல் நிபுணர். சில வாரங்களுக்குப் பிறகு, விலக்கியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பதும் அதில் ஒரு பகுதியாம்.

2021ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, எஸ்சிடியையும் மத்தியதரைக்கடல் உணவுமுறையையும் ஆறு வாரம் ஒப்பிட்டது. இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவினருக்குத்தான் நோயின் அறிகுறிகள் தணிந்தன. கட்டுப்பாடு கடுமையாக இருப்பதாலேயே பலன் கூடிவிடவில்லை. பின்னதில் தானியத்துக்குத் தடையில்லை என்பதைப் படித்ததும் அம்மாவுக்குத்தான் முதலில் சொன்னேன்.

இப்போது சோறும் உண்டு, நன்கு வதக்கிய வெங்காயமும் கொஞ்சம் உண்டு. நோய் தலைதூக்கும் நாள்களில் குழைந்த சோறு, தோல் விதை நீக்கிய சுரைக்காய், அவித்த மீன். சிராங்கூன் சாலையில் நண்பர்களோடு உட்கார்ந்தால் தோசை. காரச் சட்னி அவர்களுக்கு. மருந்து மட்டும் எந்த உணவுமுறையிலும் நின்றதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்நோய் இருந்தால், “இதையும் விட்டுவிடு” என்று சொல்லும் முன் அவருடைய எடையைப் பாருங்கள். விட்டவற்றில் எதைத் திரும்பச் சேர்க்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.