பழைய வீல், புது கார், நடுவில் ஒரு ஸ்பேசர்

போர்ஷே 986 பாக்ஸ்டரின் பழைய அலாய் வீல்களோடு ஓடும் அடுத்த தலைமுறை 987 பாக்ஸ்டரைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும். நல்ல வீல் காயலான் கடைக்குப் போகக்கூடாது.

இரண்டிலும் 5 போல்ட், 130 மி.மீ. வட்டம், 71.6 மி.மீ. நடுத்துளை. வித்தியாசம் ஆஃப்செட்டில்தான், அதாவது ஈ.டி. எண்ணில். ஒரே அகலத்தில், ஈ.டி. 52 வீல், ஈ.டி. 43 வீலைவிட 9 மி.மீ. உள்ளே தள்ளி உட்காரும். அந்த இடைவெளியை ஸ்பேசர் நிரப்புகிறது.

ஸ்பேசர் வாங்கும்போது அது ஹப்பில் ஆட்டமில்லாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். ஸ்பேசர் எவ்வளவு தடிமனோ, போல்ட்டும் அவ்வளவு கூடுதல் நீளம் வேண்டும். பழைய போல்ட்டையே போட்டால் மரைப்பிடி குறையும். டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் சரிபாருங்கள். போல்ட்டில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள், ப்ளீஸ்.